பழைய வீட்டின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்: கண்டறிவதும் மாற்றுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிப்பறை அடிக்கடி அடைத்துக்கொள்கிறது. இது சாதாரண அடைப்பா, மண்ணுக்குள் குழாயே போய்விட்டதா?

கைகழுவும் தொட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி என்று ஏதோ ஒரே ஒரு தொட்டியில் மட்டும் தண்ணீர் தேங்கினால் கோளாறு பெரும்பாலும் அந்தத் தொட்டிக்கு அடியிலேயே இருக்கும். வீட்டிலேயே தாழ்வான இடத்தில் உள்ள குளியலறையின் வடிகாலில் தண்ணீர் எதிர்த்து ஏறினாலோ, துணி துவைக்கும் இயந்திரம் தண்ணீரை வெளியேற்றும்போது கழிப்பறைக் கோப்பை 'குளுக் குளுக்' என்று சத்தமிட்டாலோ, வெளியே போகும் பொதுக் குழாயைச் சந்தேகிக்க வேண்டும்.

அடைப்பு எடுத்த தேதிகளைக் குறித்து வையுங்கள். முதலில் ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இப்போது மாதாமாதம் என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால் அடைப்பை எடுத்துப் பயனில்லை. அடைப்பு உருவாகக் காரணமான இடம் குழாயில் இருக்கிறது.

தரைக்கு மேலும் தடயங்கள் உண்டு. குழாய் போகும் பாதையில் மட்டும் நீளவாக்கில் மண் அமுங்கியிருப்பது, கோடைக்காலத்திலும் ஒரு பட்டை மட்டும் பச்சைப்பசேல் என்று இருப்பது, எங்கிருந்து வருகின்றன என்று தெரியாத எலிகள். மழைக்காலத்தில் மட்டும் கழிவுநீர் எதிர்த்து ஏறினால், திறந்துகிடக்கும் இணைப்புகள் வழியாக நிலத்தடி நீர் குழாய்க்குள் புகுகிறது என்று கொள்ளலாம். அதே இணைப்புகள் வழியாக வறண்ட காலத்தில் கழிவுநீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் கிணறோ ஆழ்துளைக் கிணறோ இருந்தால் இந்த அறிகுறியை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

மண்ணுக்குள் என்ன குழாய் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய வீட்டில் எல்லா முடிவும் இந்தக் கேள்விக்கான பதிலில் தொங்குகிறது. எந்தப் பொருள் என்று தெரியாமல் அடைப்பெடுக்கும் இயந்திரத்தை விடுவதும் தவறு, தோண்டுவதும் தவறு. சுவரை விட்டு வெளியே வரும் இடத்திலோ சேம்பருக்குள் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடிபோட்ட குழிக்குள்) எட்டிப் பார்க்கும் முனையிலோ குழாய் ஓரிரு அங்குலமாவது கண்ணில் படும். அங்கே தொடங்குங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்: வீட்டுக்கு அடியில் வார்ப்பிரும்பு, முற்றத்தில் சுட்ட மண், தெருவோரம் பி.வி.சி. என்று ஒரே வழியில் மூன்று தலைமுறைக் குழாய்கள் இருப்பது பழைய வீடுகளில் வெகு சாதாரணம்.

வார்ப்பிரும்பில் காந்தம் ஒட்டும். தட்டினால் மணி போல ஒலிக்க வேண்டும்; மந்தமான சத்தம் வந்தால் இரும்பு துருவாக மாறிவிட்டது. இந்தக் குழாயின் ஒரு முனை கிண்ணம் போல அகன்றிருக்கும். மறு குழாயை அதில் செருகி, இடைவெளியில் சணலைத் திணித்து ஈயத்தை உருக்கி ஊற்றியிருப்பார்கள். இது பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான் கெடுகிறது. இடைவிடாமல் தண்ணீர் ஓடும் அந்தக் கோட்டில் இரும்பு அரித்து, நாளடைவில் அடிப்பாகமே இல்லாத ஓடையாகிவிடும். மேலே தொட்டுப் பார்ப்பவருக்குக் குழாய் உறுதியாகத்தான் தெரியும். 50 முதல் 75 ஆண்டுகள் என்பது இதன் வழக்கமான ஆயுள். மண்ணின் தன்மையைப் பொறுத்துக் கூடும், குறையும்.

சுட்ட மண் குழாய் செம்பழுப்பு நிறத்தில், பல நேரம் கண்ணாடிப் பூச்சின் பளபளப்போடு இருக்கும். இரண்டு மூன்று அடி நீளத் துண்டுகளாகவே பதித்திருப்பார்கள். மண் குழாய் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்கள் உண்டு. சுட்ட களிமண்ணை அமிலம் அரிப்பதில்லை, காரம் அரிப்பதில்லை. சிந்துவெளி நகரங்களிலேயே சுட்ட மண் வடிகுழாய்கள் இருந்தன. பலவீனம் குழாயில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. இரண்டு மூன்று அடிக்கு ஒரு இணைப்பு, ஒவ்வொன்றிலும் சிமென்ட் கலவை. மண் சற்று அசைந்தால் கலவை வெடிக்கும், அந்த மயிரிழை வெடிப்பில் வேர் நுழையும்.

கான்கிரீட் குழாய் மேற்பகுதியில் அரிபடுகிறது. கழிவுநீரிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை, குழாயின் ஈரமான உள்மேற்புறத்தில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் சிமென்டைத் தின்கிறது. பார்ப்பதற்குக் கான்கிரீட் போலவே இருந்தாலும் சுவர் மெலிந்து, வழவழப்பாக, சாம்பல் நிறத்தில் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாயாக இருக்கலாம். அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டாம், காரணம் கீழே.

நாணயத்தால் கீறினால் வெள்ளி போல மின்னும் மென்மையான குழாய் ஈயம். கழிப்பறைக்கு அடியில் உள்ள வளைவுகளில் மட்டும் இது அகப்படும்.

கறுப்பாக, அட்டை போன்ற ஒரு குழாய் கிடைத்தது. அது என்ன?

தார் ஊறிய நார்க் குழாய். 'காலாவதியான குழாய்' என்ற சொல் எதற்காவது முழுப் பொருத்தம் என்றால் இதற்குத்தான். அரைத்த மரநாரை அடுக்கடுக்காகச் சுற்றி, நிலக்கரித் தாரில் ஊறவைத்துச் செய்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்ச்பர்க் என்ற ஊரில் 1893-இல் தொடங்கிய ஆலை இதைப் பெருமளவில் தயாரித்ததால் அங்கே ஊர்ப் பெயரே குழாயின் பெயராயிற்று. முதலில் மின்கம்பிகளைப் பாதுகாக்கும் உறையாகத்தான் பயன்பட்டது. அந்த வேலைக்கு அது நல்ல பொருள்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடுகள் மளமளவென்று எழும்பியபோது இரும்பை விட மலிவு, மண் குழாயை விட எடை குறைவு, கை ரம்பத்தால் அறுக்கலாம் என்பதால் கழிவுநீருக்கும் புதைக்கத் தொடங்கினார்கள். பிரிட்டனிலும் 1950-களிலிருந்து 1970-கள் வரை இதே வகைக் குழாய் நிறையப் பதிக்கப்பட்டது. பி.வி.சி. வந்ததும் கதை முடிந்தது. அந்த அமெரிக்க ஆலை 1972-இல் மூடப்பட்டது.

கோளாறு எளிமையானது. ஈரமும் மேலிருக்கும் மண்ணின் பாரமும் சேர்ந்தால் இந்தச் சுவர் மெல்ல மெல்ல வளையும். வட்டம் முட்டை வடிவமாகும், பிறகு தட்டையாகும். உட்புறத்தில் அடுக்குகள் பிரிந்து கொப்புளம் கொப்புளமாக எழும்பும். கொழுப்பும் வெந்நீரும் இதை விரைவுபடுத்தும். 50 ஆண்டு தாங்கும் என்று நம்பிப் பதித்தார்கள். 10 ஆண்டிலேயே அமுங்கியவையும் உண்டு.

அடையாளம் காண்பது சுலபம். கறுப்பு நிறம், கைக்கு லேசான எடை, நகத்தாலோ கத்தி முனையாலோ அழுத்தினால் பதியும், அறுத்த முகத்தில் அடுக்குகள் தெரியும், கிண்ண முனை கிடையாது.

இதைச் சரிசெய்ய முயல வேண்டாம் என்பதே என் கருத்து. எந்த நிறுவனமாவது 'உள்ளே சுத்தம் செய்து தருகிறோம்' என்றால் மறுத்துவிடுங்கள். வேர் வெட்டும் கத்தி இந்தச் சுவரையே சீவி எடுத்துவிடும், உயர் அழுத்த நீர் கொப்புளங்களைப் பிய்த்துவிடும். இன்று ஓடுகிறது என்றால் ஓடட்டும். ஆனால் மாற்றுவதற்கான பணத்தை இன்றே ஒதுக்கத் தொடங்குங்கள்.

தோண்டாமலேயே உள்ளே பார்க்க முடியுமா?

முடியும். பார்க்காமல் தோண்டுகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நெகிழும் தண்டின் முனையில் விளக்கோடு கூடிய கேமராவைச் சேம்பர் வழியே செலுத்துவார்கள். கேமராவின் தலையில் ஒரு சிறு சமிக்ஞைக் கருவி இருந்தால், தரைக்கு மேல் நிற்பவர் கையிலுள்ள ஏற்பியால் அந்த இடத்தையும் ஆழத்தையும் கண்டுபிடித்துச் சுண்ணாம்பால் குறியிட்டுவிடுவார். இந்த வசதி இல்லாத கேமரா பாதிப் பயன்தான் தரும்; கோளாறு தெரியும், எங்கே என்று தெரியாது.

முழுக் காணொளிப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். 'உடைந்திருக்கிறது' என்ற ஒரு புகைப்படம் போதாது; உங்கள் குழாயின் படம்தானா என்பதே தெரியாது. பதிவில் தூர அளவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேமரா தண்ணீருக்குள் மூழ்கி, சில அடி கழித்து மீண்டும் மேலே வந்தால் அந்த இடத்தில் குழாய் தொய்ந்திருக்கிறது. சற்று முன் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பார்த்தால் தொய்வு தெளிவாகத் தெரியும்.

கேமரா கிடைக்காத இடத்தில், நேர்கோட்டில் இரண்டு சேம்பர்கள் இருந்தால் ஒன்றில் டார்ச் விளக்கையும் மற்றதில் கைக்கண்ணாடியையும் வைத்துப் பார்க்கும் பழைய முறை இன்றும் செல்லும். கண்ணாடியில் முழு வட்டமாக ஒளி தெரிந்தால் குழாய் நேராக இருக்கிறது. பிறை வடிவமாகத் தெரிந்தால் தொய்ந்திருக்கிறது. ஒன்றுமே தெரியவில்லை என்றால் நடுவே அடைப்போ உடைப்போ. சேம்பருக்குள் கால் வைக்காமல், நீண்ட கம்பில் கண்ணாடியைக் கட்டி இதைச் செய்யலாம்.

சேம்பருக்குள் இறங்கிப் பார்த்தால் என்ன?

இறங்காதீர்கள். யாரையும் இறக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு காற்றை விடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் எச்சரிக்கும் என்று நினைப்பது ஆபத்து: காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய்விடும். நாற்றம் நின்றது வாயு போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. மயங்கியவரைக் காப்பாற்ற இறங்கிய அடுத்தவரும் அவருக்கு அடுத்தவரும் இறந்த செய்திகள் நமக்குப் புதியவையும் அல்ல. மூடியைத் திறந்து நேரம் விட்டால் போதும் என்ற பழைய நம்பிக்கையும் காப்பாற்றாது. எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது.

வேர் புகுந்திருக்கிறது. வெட்டிவிட்டால் போதாதா?

வெட்டலாம், திரும்ப வரும். வேர் குழாயை உடைத்துக்கொண்டு வருவதில்லை. கசியும் இணைப்பிலிருந்து ஈரமும் சத்தும் மண்ணில் பரவ, அதைத் தேடி வருகிறது. நுழைந்த இழை உள்ளே பருத்து இணைப்பைப் பிளக்கிறது. மரத்தை வெட்டினாலும் கசிவு அப்படியேதான் இருக்கும். ஒன்றிரண்டு இணைப்புகளில் மட்டும் வேர் என்றால் அந்த இடத்தை மாற்றலாம். வரிசையாக எல்லா இணைப்பிலும் என்றால் குழாயின் காலம் முடிந்தது.

அடைப்பு நீக்கும் ரசாயனம்?

பழைய குழாயில் ஊற்றாதீர்கள். மெலிந்த இரும்பை அமிலம் துளைத்துவிடும். காரம் அடைப்பைக் கரைக்காமல் அங்கேயே தேங்கினால், அடுத்து வந்து குழாயைத் திறக்கும் தொழிலாளியின் முகத்தில்தான் தெறிக்கும்.

உடைந்த துண்டை மட்டும் மாற்றலாமா, முழுவதையுமா?

பொருளைப் பொறுத்தது. சுட்ட மண் குழாயில் ஒரே இடத்தில் வாகனம் ஏறி உடைந்திருந்தால் அந்தத் துண்டை மட்டும் மாற்றுவது நியாயம். மீதிக் குழாய் உங்கள் பேரன் காலம் வரை வரலாம். அடி அரித்த வார்ப்பிரும்பிலும் தார் நார்க் குழாயிலும் துண்டு வேலை வீண்செலவு. இன்று உடைந்த இடத்துக்கு வந்த கேடு பக்கத்து இடத்துக்கும் வந்துகொண்டிருக்கிறது.

துண்டாக மாற்றும்போது பழையதையும் புதியதையும் சிமென்ட் பூசி இணைக்கக் கூடாது. வெளிவிட்டம் ஒன்றாக இருக்காது, இரண்டும் வெப்பத்தில் ஒரே அளவு விரியாது, ஆண்டு திரும்புவதற்குள் வெடிக்கும். துருப்பிடிக்காத எஃகுப் பட்டையால் இறுக்கும் ரப்பர் இணைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன.

தோண்டாமல் மாற்றும் முறைகள் நம்பத்தக்கவையா?

நம்பத்தக்கவைதான், ஆனால் எல்லா இடத்துக்கும் அல்ல. இரண்டு முறைகள் உண்டு.

முதலாவது உள்ளுறை. பிசினில் ஊறிய துணிக் குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றாலோ நீராலோ விரித்து, வெந்நீர், நீராவி அல்லது புற ஊதாக் கதிரால் இறுக வைப்பார்கள். இறுகியதும் குழாய்க்குள் இணைப்பே இல்லாத இன்னொரு குழாய். 1971-இல் எரிக் வுட் என்ற பொறியாளர் லண்டனில் ஒரு பழைய சாக்கடையில் முதன்முதலாகச் செய்துகாட்டிய முறை இது. வேர் புகும் சுட்ட மண் குழாய்க்கு இதைப் போலப் பொருத்தமான தீர்வு இல்லை. ஆனால் உள்ளுறை பழைய குழாயின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். தொய்வு இருந்த இடத்தில் தொய்வு அப்படியே நிற்கும். இதைச் சொல்லாமல் விற்பவர்கள் உண்டு. முற்றிலும் இடிந்த குழாயில் இது முடியாது. கிளைக் குழாய்கள் சேரும் இடங்களை உள்ளிருந்தே மீண்டும் வெட்டித் திறக்க வேண்டும். எத்தனை கிளைகள் எங்கே சேர்கின்றன என்ற கணக்கை முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் ஒரு குளியலறையின் வழியே மூடப்பட்டுவிடும்.

இரண்டாவது, உடைத்து இழுத்தல். இரு முனைகளிலும் ஒவ்வொரு குழி வெட்டி, கூம்பு வடிவ இரும்புத் தலையைப் பழைய குழாய்க்குள் இழுப்பார்கள். அது பழையதை நொறுக்கி மண்ணுக்குள் ஒதுக்க, பின்னாலேயே வெப்பத்தால் ஒட்டிய பாலிஎத்திலீன் குழாய் வந்து அமரும். சற்றுப் பெரிய விட்டத்துக்குக்கூட மாறலாம். தார் நார்க் குழாய்க்குத் தோண்டாத முறை வேண்டும் என்றால் நான் இதைத்தான் பார்ப்பேன். பக்கத்திலேயே குடிநீர்க் குழாயோ எரிவாயுக் குழாயோ போனால் ஒதுங்கும் மண் அவற்றை நெருக்கும். இதுவும் பழைய குழாயின் வாட்டத்தையே, அதாவது சரிவையே, பின்பற்றும்.

வாட்டமே தவறு என்றால் தோண்டுவதைத் தவிர வழியில்லை. ஆழம் குறைவாக, மேலே வெறும் மண்ணாக இருக்கும் இடத்திலும் தோண்டுவதுதான் சிக்கனம்.

ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் என்று தெரிந்தால்?

முழுதாக, மண்ணுக்குள் இருக்கும் வரை அது ஆபத்தில்லை. உலர்ந்த நிலையில் அறுக்கும்போதும் உடைக்கும்போதும் எழும் தூசியில் உள்ள நார்கள் நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வெளிப்படலாம். எனவே ரம்பமோ சுழலும் வட்டோ கூடாது. உடைத்து இழுத்தலும் இங்கே கூடாது, துணுக்குகளை மண்ணில் விட்டுவிடும். பழைய குழாயை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டுப் பக்கத்தில் புது வழி போடுவது நல்லது. எடுத்தே ஆக வேண்டுமானால் நனைத்து, முழுத் துண்டாக, இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் எடுக்க வேண்டும்; அப்புறப்படுத்துவதற்கும் சட்ட விதிகள் உண்டு.

புதுக் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் வேண்டும்?

நான்கு அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 முதல் 80-க்கு 1 வரை. 12 மீட்டர் நீளத்தில் 60-க்கு 1 என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 20 செ.மீ. இறக்கம். வாட்டம் குறைந்தால் திடக்கழிவு நகராது. அதைவிடத் தொல்லை தருவது சீரற்ற வாட்டம்: மொத்த இறக்கம் சரியாக இருந்தும், நடுவே ஓரிடத்தில் பள்ளம் விழுந்தால் அங்கே கழிவு படியும். குழிக்குள் குழாயை வைத்தபின் ஒவ்வொரு துண்டிலும் ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணளவே போதும் என்ற அனுபவசாலியிடமும் சொல்லுங்கள்.

குழாயும் படுகையும் எப்படி இருக்க வேண்டும்?

நிலத்தடி வடிகாலுக்கென்று தயாரித்த கெட்டிச் சுவர் பி.வி.சி. அல்லது பாலிஎத்திலீன் குழாய். மழைநீர் இறக்கவும் காற்றுப் போக்கியாகவும் செய்த மெல்லிய குழாயை மலிவு என்று புதைப்பவர்கள் இருக்கிறார்கள். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் விறைப்பு எண்ணைப் பாருங்கள், எஸ்.என். 4, எஸ்.என். 8 என்று இருக்கும். வாகனம் ஏறும் இடத்தில் 8 வேண்டும்.

பள்ளத்தின் அடியில் 10 செ.மீ. மணல் அல்லது பொடிச் சரளை. கிண்ண முனைக்குக் கீழே கையளவு குழி பறித்துவிட்டால் குழாயின் உடல் முழுவதும் படுகையில் அமரும். இல்லையென்றால் முனைகளில் மட்டும் நின்று நடுவில் தொங்கும். பக்கங்களிலும் மேலேயும் கல் கலக்காத மண்ணைப் போட்டு, 15 முதல் 20 செ.மீ. அடுக்குகளாக இறுக்க வேண்டும். அள்ளிய மண்ணை உடைந்த செங்கலோடு சேர்த்து ஒரே தள்ளாகத் தள்ளி மூடுவதுதான் வழக்கம். புதுக் குழாய் ஐந்தாறு ஆண்டுகளில் தொய்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

திரும்பும் இடங்களில் ஒரே 90 பாகை எல்போவைப் (முழங்கை வளைவை) போடாமல் இரண்டு 45 பாகை வளைவுகளைச் சேர்க்கவும். கிளை சேரும் இடத்தில் சாய்வாகச் சேரும் ஒய் (Y) இணைப்பு. படுத்திருக்கும் குழாயில் டீ (T) இணைப்பு கூடாது. ஒவ்வொரு திருப்பத்திலும் திறந்து பார்க்க ஒரு வாய் வேண்டும்.

பள்ளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. இடுப்பு வரை சரிந்தாலே ஆள் தப்புவது கடினம்.

குடிநீர்க் குழாய் பக்கத்திலேயே போகிறது. பரவாயில்லையா?

முடிந்தால் 3 மீட்டர் தள்ளிப் போடுங்கள். குறுக்கே கடக்க நேர்ந்தால் குடிநீர் மேலே, கழிவுநீர் கீழே, நடுவில் 45 செ.மீ. இடைவெளி. கடக்கும் இடத்தில் கழிவுநீர்க் குழாயில் இணைப்பு வராதபடி முழு நீளத் துண்டை நடுவாக வையுங்கள்.

பழைய வீடு வாங்கப் போகிறோம். குழாயையும் பார்க்க வேண்டுமா?

சுவர் வெடிப்பைப் பார்ப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் கேமராப் பதிவு எடுத்துவிடுங்கள். வீடு பல மாதம் பூட்டிக் கிடந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீர் சோதனை எதையும் காட்டாது. எல்லாக் குழாய்களையும் திறந்து, கால் மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குளியலறையை மட்டும் புதுப்பித்துப் பளிங்கு பதித்திருந்தால் அதன் அடியில் போகும் குழாயின் வயதைக் கேளுங்கள்.

வேலை முடிந்தது என்கிறார்கள். மூடிவிடலாமா?

முதலில் சோதனை. கீழ்முனையை அடைப்பானால் அடைத்து, மேல்முனை வரை தண்ணீர் நிரப்பி, 15 நிமிடம் மட்டத்தைக் கவனியுங்கள். இறங்கினால் கசிவு, மண் மூடாதபோதே கண்டுபிடித்துவிடலாம். பிறகு கேமராவை ஒரு முறை விட்டுப் பதிவு செய்து வையுங்கள். உள்ளாட்சி அமைப்பின் ஆய்வு தேவைப்படும் இடமானால் அதுவும் மூடுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

திறந்த பள்ளத்தைப் படமெடுங்கள். வீட்டுச் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் உள்ள தூரம், ஆழம், குழாயின் வகை, ஆண்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். பி.வி.சி.யைக் காந்தமும் உலோகக் கருவியும் கண்டுபிடிக்காது என்பதால், மூடும்போது குழாய்க்கு ஒரு அடி மேலே உலோக இழை கொண்ட எச்சரிக்கை நாடாவை விரித்துவிடுவதும் நல்லது. அதற்குப் பிறகு மண்ணைத் தள்ளச் சொல்லலாம்.